பதினோராம் எண் கரடி

காலை ஏழு மணிக்கே மாமனார் வந்து காரின் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். முப்பத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டியை யார் ஓட்டினாலும் அவருடைய வலது கால் பிரேக்கைத் தேடும்.

"லைசன்ஸ் இருக்கா மாப்ள?"

"இருக்கு மாமா."

"தூண்டில்?"

"பின்னாடி இருக்கு."

"வாய்?"

அவன் திரும்பிப் பார்த்தான்.

"இல்ல, அதையும் எடுத்து வச்சீங்களான்னு கேட்டேன். நாலு மணி நேரம் போகணும். நான் ஒருத்தனே பேசிக்கிட்டு வந்தா, பக்கத்து வண்டிக்காரன் எனக்குக் கழண்டுபோச்சுன்னு நினைப்பான்."

அவன் சாவியைத் திருப்பினான். 

அவனுக்கு முப்பத்து நான்கு வயது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. ஜன்னல் இல்லாத அறை, கனத்த கதவு, கதவுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு. "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. விடலாம்." ஒரு நாளைக்கு நூறு தடவை இதைச் சொல்வான். மனைவி இறந்த இந்தப் பதினான்கு மாதங்களில் அவன் பேசிய பேச்சில் முக்கால்வாசி இதுதான். மூளையில் ஒரு நரம்பு வெடித்தது. ஒரு புதன்கிழமை. யாராவது கேட்டால் அவ்வளவுதான் சொல்வான். மேற்கொண்டு கேட்பவர்களிடம் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியிருக்கிறது.

அவன் அழவில்லை. காரியங்களைக் கவனித்தான். இறப்புச் சான்றிதழை நாற்பது நகல் எடுத்து வைத்துக்கொண்டு, வங்கி, தொலைபேசி, அவள் வேலை பார்த்த அலுவலகம், எரிவாயு இணைப்பு, நூலகம் என்று ஒவ்வொரு இடமாகப் போய் அவள் பெயரை நீக்கினான். எல்லா இடத்திலும் ஒரு படிவம் இருந்தது. எல்லாப் படிவத்திலும் "காரணம்" என்று ஒரு கட்டம் இருந்தது. அலமாரியில் அவள் பக்கம் மட்டும் அப்படியே இருந்தது. அதற்குப் படிவம் இல்லை.

போன வாரம் அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. தேசியப் பூங்காவிலிருந்து.

"தங்களால் முதன்முதலில் காணப்பட்ட பதினோராம் எண் கரடி (பெயர்: பெரியம்மா) இரண்டு பருவங்களாகத் தென்படவில்லை. இப்பருவத்தின் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் எவராலும் காணப்படாவிடில் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

இரண்டு முறை படித்தான். மூன்றாம் முறையும் படித்தான். இந்த ஒரு இடத்திலிருந்தாவது அவள் போகக் கூடாது என்று நினைத்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் வேண்டும் என்று நினைத்தது அது ஒன்றுதான்.

பள்ளத்தாக்கில் தனியாளுக்கு மீன்பிடிச் சீட்டு தரமாட்டார்கள். கரடி நடமாடும் இடம். ஒருவர் தண்ணீரில் இறங்கினால் இன்னொருவர் காரில் காவல் இருக்க வேண்டும். மிருகம் வந்தால் இரண்டு முறை ஹாரன். தண்ணீரில் இருப்பவர் மறுபேச்சில்லாமல் காருக்குள் வந்துவிட வேண்டும். ஆறு வருடம் அவன் தண்ணீரில் நின்றான், அவள் காரில் இருந்தாள். இப்போது காருக்கு ஆள் வேண்டியிருந்தது. மாமனாரைக் கூப்பிட்டான்.

"ஹாரன் அடிக்கணும், அவ்வளவுதான?" என்றார் அவர். "அந்த வேலைதான் மாப்ள நான் வாழ்நாள் பூரா பாத்தேன்."

*

சாலை மலையைச் சுற்றி ஏறி, ஒரு கணவாயைத் தாண்டியதும் சட்டென்று இறங்கியது. கீழே பள்ளத்தாக்கு முழுதாகத் தெரிந்தது. நடுவில் ஆறு, இரு பக்கமும் பழுப்பேறிய புல், அதற்கு மேல் கறுத்த மரங்கள். இந்த வளைவில் அவள் எப்போதும் வண்டியை நிறுத்தச் சொல்வாள். எதற்கு என்று முதல் முறை கேட்டான். "சும்மா இருங்க. இங்கேருந்து பாத்தா நாம இன்னும் போய்ச் சேரல. போய்ச் சேர்ந்துட்டா அப்புறம் திரும்புறதுதான பாக்கி" என்றாள்.

அவன் இன்றும் நிறுத்தினான். மாமனார் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்கு ஒரு சந்தேகம் மாப்ள. கரடிக்குப் போய் ஏன் பெரியம்மான்னு பேரு வச்சா?"

"முதல்ல பாத்தவங்க பேரு வைக்கலாம் மாமா. அது நடந்து வந்ததப் பாத்ததும், 'எங்க பெரியம்மா கல்யாண வீட்டுக்குள்ள குத்தம் கண்டுபிடிக்க வர்ற மாதிரியே இருக்கு'ன்னா."

மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க அண்ணியவா! நல்லவேளை, அவங்க காதுக்குப் போகல. போயிருந்தா கரடி செத்திருக்கும்."

அலுவலகம் பழைய மரக்கட்டிடம். ஒரு நீள மேசை, சுவரில் பள்ளத்தாக்கின் வரைபடம், அதில் குண்டூசிகள். பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனைப் பார்த்தார். பிறகு அவன் பின்னால் வந்த மாமனாரைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"மேடம் வரலையா சார்?"

"இல்லை. இறந்துட்டாங்க. போன வருஷம்."

பதிவேட்டு அம்மாள் எழுந்து நின்றார். கையை என்ன செய்வது என்று தெரியாமல் மேசை மேலிருந்த பேனாவை எடுத்து மறுபடி வைத்தார். "தெரியாம கடிதம் போட்டுட்டேனே."

"நல்லதுதான் போட்டீங்க. கரடியப் பாக்கத்தான் வந்தோம்."

அவர் தடித்த கோப்பு ஒன்றை எடுத்து விரித்தார். ஒவ்வொரு கரடிக்கும் ஒரு தாள். நான்காம் எண்: இடது காது கிழிசல், பெயர் பீப்பாய், ஆண், அடிக்கடி தென்படுவது. பதினோராம் எண்: வலது காது கிழிசல், முதலில் கண்டவர் என்ற இடத்தில் அவள் பெயர். கீழே ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது. அவள் கைபேசியில் எடுத்தது. கொஞ்சம் கலங்கல்தான், ஆனால் வலது காதின் நுனி பிய்ந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது.

"விசித்திரம் சார். ஏழு தடவையும் மேடம்தான் பாத்திருக்காங்க. வேற யாருமே பாத்ததில்ல. நாலும் பதினொண்ணும் ஒரே புல்வெளிக்குத்தான் வருது, ஆனா ஒண்ணா இருந்து பாத்ததே கிடையாது. ரெண்டுக்கும் ஆகாதுன்னு ஆண்டறிக்கையில அரைப் பக்கம் எழுதியிருக்கேன்."

"பங்காளிச் சண்டையா இருக்கும்" என்றார் மாமனார்.

"அஞ்சு மணிக்குப் பூட்டிருவேன் சார். இன்னிக்கு விட்டா அப்புறம் பனி இறங்கிரும்." சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். "பாக்கணும்னு நானும் வேண்டிக்கிறேன்."

*

ஆறு வளையும் இடத்தில் ஒரு மணல் திட்டு. அதுதான் அவர்கள் இடம். அவன் காரின் மூக்கை ஆற்றைப் பார்த்து நிறுத்தினான். பின்னால் நூறு அடி தள்ளிப் புல்வெளி. அங்கே ஒரு பழப்புதர்க் கூட்டம். கரடி அங்கேதான் வரும்.

"மாப்ள, வண்டியத் தப்பா நிறுத்திட்டீங்க. கரடி பின்னாடி வரும், நான் முன்னாடி பாத்துக்கிட்டு உக்காரவா?"

"அவ இப்படித்தான் நிறுத்தச் சொல்லுவா. கண்ணாடியில பின்னாடி தெரியும்."

உண்மையில் முதல் வருடம் அவனும் இதையேதான் சொன்னான். அவள் ஒற்றைக் காலில் நின்றாள். எக்ஸ்ரே சாருக்கு நீச்சல் தெரியாது, தெரியாதவர் இடுப்பளவு தண்ணீரில் போய் நிற்பார், அதை முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்க்க முடியாது என்றாள். "முன்னாடி நீங்க, கண்ணாடியில கரடி. ரெண்டு பேரும் என் பார்வையிலதான் இருக்கணும்." ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாமனார் அந்த இருக்கைக்கு மாறி உட்கார்ந்தார். கண்ணாடியைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. அப்பாவுக்கும் மகளுக்கும் உட்கார்ந்த உயரம் ஒன்று.

அவன் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினான். தண்ணீர் குளிர்ந்து கனமாக இருந்தது. நூலை வீசினான், இழுத்தான், வீசினான். மீனில் அவன் மனம் இல்லை. முன்பும் பெரிதாக இருந்ததில்லை. ஆறு வருடத்தில் பிடித்ததை ஒரு கையால் எண்ணிவிடலாம். அவனுக்குப் பிடித்தது வேறு. நிமிர்ந்து பார்த்தால் கார் கண்ணாடிக்குப் பின்னால் அவள் முட்டை உரித்துக்கொண்டிருப்பாள். வாய் அசையும். தனியாகப் பேசுவாளா, பாடுவாளா, அவனைத் திட்டுவாளா என்று தெரியாது. ஆற்றின் சத்தத்தில் எதுவும் கேட்காது. பிறகு கேட்டால், "உங்க கரடிகிட்ட பேசிட்டிருந்தேன்" என்பாள்.

இன்று நிமிர்ந்தபோது மாமனார் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பயணிகள் ஏறட்டும் என்று காத்திருப்பவர்போல.

ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. ரொட்டி தின்றார்கள். மூன்று மணிக்கு மான் கூட்டம் ஒன்று புல்வெளியைக் கடந்தது. மாமனார் ஹாரன் அடித்துவிட்டு, "மிருகம்னுதான சொன்னீங்க" என்றார். வெயில் மரங்களின் உச்சிக்கு ஏறியது. அலுவலகத்துக்குத் திரும்ப இருபது நிமிடம் ஆகும். அவனுக்கு விரல்கள் மரத்துப்போயின. நாலு மணி. அவள் பெயரை நீக்க அந்த அம்மாள் எந்தப் பேனாவை எடுப்பார் என்று யோசித்தான்.

நாலு பத்துக்கு ஹாரன் இரண்டு முறை ஒலித்தது.

அவன் தண்ணீரை உதைத்துக்கொண்டு கரையேறி, குனிந்தபடி வந்து, பக்கத்து இருக்கையில் விழுந்தான். ஓசையில்லாமல் கதவை இழுத்துச் சாத்தினான். மாமனார் மூச்சுவிடாமல் கண்ணாடியை விரலால் காட்டினார்.

"திரும்பாதீங்க. ஓடிரும். பாருங்க மாப்ள, காது! வலது காது! முனை பிஞ்சிருக்கு பாருங்க!"

அவன் அவர் தோளோடு சாய்ந்து பார்த்தான். கண்ணாடிக்குள் பழப்புதரை விலக்கிக்கொண்டு பெரிய பழுப்பு முகம் ஒன்று இவர்களைப் பார்த்தது. காது பிய்ந்திருந்தது. வலது காது. புகைப்படத்தில் இருந்த அதே காது.  அவளுடைய கரடி. உயிரோடு இருக்கிறது. நேரம் இருக்கிறது. போய் எழுதிவிடலாம்.

"எங்க அண்ணியேதான்" என்று கிசுகிசுத்தார் மாமனார். கண் கலங்கியிருந்தது. "அதே பார்வை. பந்தியில உப்பு பத்தலைன்னு சொல்லப்போற பார்வை."

அவனுக்கு நேரில் பார்க்கவேண்டும்போல் இருந்தது. ஆறு வருடமும் அவள் அவன் தோளைப் பிடித்து அழுத்திவிடுவாள்; திரும்ப விட்டதே இல்லை. இன்று பிடிக்க ஆள் இல்லை. மெல்ல, கழுத்தை மட்டும் திருப்பி, பின் கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

கரடி அங்கேயே நின்றது. அவனை நேராகப் பார்த்தது. வலது காது முழுசாக இருந்தது. பிய்ந்திருந்தது இடது காது.

அவன் முன்னால் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தான். வலது. மறுபடி பின்னால் பார்த்தான். இடது.

"என்ன மாப்ள?"

அவன் பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு எக்ஸ்ரே படத்தின் ஓரத்திலும் இடமா வலமா என்று காட்டும் ஈய எழுத்தை வைப்பவன். ஒரு தடவைகூட மாறியதில்லை. அதுதான் அவனுடைய ஒரே பெருமை. அந்தப் புகைப்படத்தையும்தான் எத்தனை முறை பார்த்திருக்கிறான். கண்ணாடியைப் படம் எடுத்திருக்கிறாள் என்று தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை.

"இது நாலாம் நம்பர் மாமா. பீப்பாய். பதினொண்ணுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அவ பாத்ததெல்லாம் இதத்தான். கண்ணாடியில பாத்ததால காது மாறிருச்சு."

மாமனார் தன் இரண்டு காதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் திரும்பிப் பார்த்தார். கரடி அவர்களைப் பார்த்து அலுத்துப்போய்ப் பழத்தில் வாயை வைத்தது.

"அட ஆமா" என்றார். "முப்பத்திரண்டு வருஷம் கண்ணாடியப் பாத்தே ஓட்டினேன். எனக்கே தோணல பாருங்க." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "சரி, அதனால என்ன? வலதுன்னே எழுதுங்க. நான் சாட்சி. என் கண்ணால பாத்தேன், வலதுதான். யாருக்கு என்ன கேடு?"

"பொய்யில்லையா மாமா?"

"பொய்தான். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே. என் பொண்ணு பேரு ஒரு புத்தகத்துல இருந்தா இந்தக் காட்டுக்கு என்ன குறைஞ்சிரும்?"

அவன் அதைத்தான் விரும்பினான். அதற்காகத்தான் வந்தான். எழுதிவிடலாம். அடுத்த வருடமும் வரலாம். இல்லாத ஒரு கரடியைப் பார்த்தேன் என்று மறுபடி எழுதலாம். அதற்கு அடுத்த வருடமும். ஆனால் அவள் பார்த்தது அந்த இல்லாத கரடியை அல்ல. அவள் பார்த்தது இதோ, நூறு அடி தள்ளி, மூக்கில் இலை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இதை விட்டுவிட்டு இன்னொன்றை எழுத அவனுக்குக் கை வரும் என்று தோன்றவில்லை.

"போலாம் மாமா. நேரமாகுது."

*

பதிவேட்டு அம்மாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "பாத்தீங்களா?"

அவன் சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான். ஆனால் அவர் விடவில்லை. ஏன் கண்ணாடியில் பார்த்தார்கள், காரைத் திருப்பி நிறுத்தினால் போதுமே என்றார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது என்றான். அவள் என்னை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள் என்றான்.  மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆகாதுன்னு அரைப் பக்கம் எழுதினேனே" என்றார். சிரிப்பு வந்தது அவருக்கு. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மாமனாரும் சிரித்தார்.

"பதினொண்ண அடிச்சுரணும் சார். பேரும் போயிரும். நாலுக்கு வனக்காவலர் முதல்லயே வச்ச பேருதான் நிக்கும். அதோட அது ஆணு."

"அதனால என்னம்மா, எங்க அண்ணிக்கும் மீசை உண்டு" என்றார் மாமனார். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

பதிவேட்டு அம்மாள் பதினோராம் எண் தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டார். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். வலித்தது. வலிக்கிறது என்பது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"மேடம் பாத்த ஏழும் நாலாம் நம்பர் கணக்குக்குப் போகும். ஆனா ஒண்ணு. பழைய பதிவுகள்ல காது மாறியிருக்குல்ல, அத நான் தொடக் கூடாது. பாத்தவங்க கையாலதான் திருத்தணும். அவங்க இல்லைன்னா கூட வந்தவங்க." அலமாரியைத் திறந்து பழைய பதிவேடுகளை எடுத்து மேசைமேல் அடுக்கினார். பக்கங்களில் அடையாளத் துண்டுகள் வைத்திருந்தார். "'வலது'ன்னு இருக்கிறத அடிச்சு 'இடது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வேற எதையும் தொடாதீங்க."

அவன் உட்கார்ந்தான். முதல் பதிவேட்டைத் திறந்தான். இடப்பக்கம் சாய்ந்த அவள் கையெழுத்து. இந்தப் புத்தகத்தை அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவள் உள்ளே எழுதும்போது அவன் வெளியே தூண்டிலைத் துடைத்துக் கட்டிக்கொண்டிருப்பான்.

"என்ன எழுதியிருக்கா?" என்றார் மாமனார். "படிக்கிற கண்ணாடி எடுத்துட்டு வரல. சத்தமாப் படிங்க மாப்ள."

அவன் படித்தான்.

"'மணி மூன்று நாற்பது. வலது காது கிழிசல். புல்லில் முதுகைத் தேய்த்தது. இவர் பாறையில் வழுக்கினார். விழவில்லை. நான் கத்தவில்லை. கரடியும் கத்தவில்லை.'"

'வலது' என்பதை அடித்தான். 'இடது' என்று எழுதினான். கையெழுத்திட்டான்.

"'மழை. வலது காது. புதரில் அரை மணி நேரம். ஹாரன் அடிக்கும்வரை இவர் வெளியே வரவில்லை. ஆறு முட்டை உரித்தாகிவிட்டது. நானே நான்கு தின்றேன். கரடிக்குக் கொடுக்கவில்லை. விதி தெரியும்.'"

மாமனார் மேசையைத் தட்டிச் சிரித்தார். "நாலு! எங்கிட்ட ரெண்டுன்னு சொன்னா!"

"'தூண்டில் முள் இவர் சட்டையிலேயே மாட்டிக்கொண்டது. பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதிசயம்.'"

அடித்தான். எழுதினான். கையெழுத்திட்டான். நான்காவதை எடுத்து, முதலில் மனதுக்குள் படித்தான். மாமனார் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

"'தண்ணீர் இன்று இடுப்புக்கு மேல். கரடி வந்தது, வலது காது, அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பக்கம் அதிகம் பார்க்க முடியவில்லை. மன்னிக்கவும்.'"

எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. அவன் முழங்கையால் முகத்தைத் துடைத்தான். மறுபடி துடைத்தான். பதிவேட்டில் சொட்டிவிடக் கூடாது என்று புத்தகத்தைத் தள்ளிவைத்தான். பிறகு மேசையில் தலையைச் சாய்த்தான். மாமனாரின் கை அவன் முதுகில் வந்து உட்கார்ந்தது. கனமான கை. அப்படியே இருந்தது. 

வெளியே வெளிச்சம் இறங்கியது. மணி ஐந்து அடித்து முடிந்திருந்தது. பதிவேட்டு அம்மாள் போய் வாசல் கதவை உள்பக்கமாகச் சாத்திவிட்டு, விளக்கைப் போட்டு, வந்து உட்கார்ந்தார்.

அவன் நிமிர்ந்து மிச்சத்தையும் படித்தான். ஐந்தாவதில் கரடிக்குப் பழம் கிடைத்தது, இவருக்கு மீன் கிடைக்கவில்லை. ஆறாவதில் இருவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. ஏழாவது:

"'வலது காது. இன்று இவர் மீன் பிடித்துவிட்டார்! ஒரு சாண் இருக்கும். கரடி எத்தனை மணிக்கு வந்தது என்று சரியாகத் தெரியவில்லை. நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.'"

திருத்தினான். கையெழுத்திட்டான். பேனாவை மூடினான்.

"அப்புறம்?" என்றார் மாமனார்.

"அவ்வளவுதான் மாமா. ஏழோட முடிஞ்சது."

மாமனார் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முதல்லேருந்து படிங்க" என்றார்.